துண்டு யார் கையில்?

குத்துச்சண்டை வீரனால் துண்டை வீச முடியாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கையிலும் கட்டுத்துணி சுற்றி, அதன்மேல் கிளவுஸ் மாட்டி, மணிக்கட்டில் லேஸை இழுத்துக் கட்டி, அது அவிழாமல் இருக்க மேலே டேப்பும் ஒட்டியிருக்கும். வாயில் பல்லைக் காக்கும் கார்டு இருப்பதால் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேச வராது. தண்ணீர் குடிக்கக்கூட இன்னொருவர் பாட்டிலை வாயில் சாய்க்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவன் எங்கே போய்த் துண்டைத் தேடி எடுப்பான்?

ஆனாலும் தோற்று ஒதுங்குகிற எல்லோரையும் "டவலை வீசிட்டான்" என்றுதான் சொல்கிறோம். 'த்ரோ இன் த டவல்' என்ற ஆங்கில வழக்கு நம் பேச்சுக்குள் வந்து வெகுகாலம் ஆகிறது. கிரிக்கெட்டில் கடைசி விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தால் வர்ணனையாளர் சொல்வார். வேட்பாளர் வாபஸ் வாங்கினால் டிவி விவாதத்தில் யாராவது சொல்வார்கள். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் மேலாளர் வாயில் இது வராத கூட்டம் கிடையாது. "யாரும் டவலை வீசக் கூடாது, இன்னும் நாலு நாள் இருக்கு" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு முணுமுணுப்பு: சார், அது எங்க வேலை இல்லை, உங்க வேலை.

காரணம், சாயங்காலமானால் நான் வேறு ஆள். வியாசர்பாடிப் பக்கம் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்தில் பையன்கள் குத்திப் பழகக் கையில் பேட் என்ற மெத்தையைப் பிடிக்கிறேன். மாவட்ட அளவுப் போட்டிகள் வந்தால் அவர்களோடு போய்க் கார்னரில் நிற்கிறேன். ரிங்கின் மூலையில் நின்று வீரனைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 'செகண்ட்' என்று பெயர். பக்கெட், பாட்டில், ஸ்டூல், ஐஸ், தோளில் ஒரு துண்டு. இவ்வளவுதான் சொத்து. அந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், முகம் துடைக்கும், ரவுண்டுக்கு நடுவே விசிறியாகும், மூலையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கும். ஈரத்தில் பையன் வழுக்கிவிட்டால் அவ்வளவுதான், எதிராளி அடிக்கவே வேண்டாம். வீசுவதற்கென்று தனியாக யாரும் துண்டு கொண்டு போவதில்லை. தரையைத் துடைத்த அதே துண்டுதான் தேவைப்பட்டால் பறக்கும்.

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடினால் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1741-ல் ஜாக் பிராட்டன் என்ற சாம்பியன் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்பவரோடு மோதினார். வெறுங்கைச் சண்டை. அதில் பட்ட அடியில் ஸ்டீவன்சன் பின்னால் இறந்துபோனார் என்றும், அது பிராட்டனை உலுக்கிவிட்டது என்றும் சொல்வார்கள். 1743 ஆகஸ்டில் பிராட்டன் தன் அரங்கத்துக்கு ஏழு விதிகள் எழுதினார். எழுத்தில் வந்த முதல் குத்துச்சண்டை விதிகள் என்று பெயர் பெற்றவை அவை. அவற்றில் நான்காவது விதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவன் தோற்றதாகக் கருத இரண்டே வழிகளைத்தான் அது சொல்கிறது. குறித்த நேரத்துக்குள் அவன் நடுக்கோட்டுக்கு வராமல் போக வேண்டும். இல்லாவிட்டால் அவனுடைய சொந்த செகண்ட் அவன் தோற்றுவிட்டதாக அறிவிக்க வேண்டும். கூடவே ஒரு குறும்பான சேர்க்கையும் உண்டு: எந்த செகண்டும் எதிராளியிடம் போய்க் கேள்வி கேட்கவோ, விட்டுக்கொடுத்துவிடு என்று யோசனை சொல்லவோ கூடாது. அப்படிச் சொல்லிப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள் போல. யாரும் செய்யாததற்கு யார் விதி எழுதுவார்கள்?

அந்தக் காலத்துச் சண்டைக்கு நேரக் கணக்கு கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒருவன் விழுந்தால் ரவுண்டு முடியும். அரை நிமிடம் ஓய்வு. எழுந்து கோட்டுக்கு வந்தால் அடுத்த ரவுண்டு. அப்படியே மணிக்கணக்கில் போகும். 1855-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நடந்த ஒரு வெறுங்கைச் சண்டை 6 மணி 15 நிமிடம் நீண்டது. ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு உதவியாளர்கள். ஒருவர் மண்டியிட்டு முழங்காலை நீட்டுவார், அதுதான் வீரனுக்கு நாற்காலி. இன்னொருவர் கையில் பாட்டிலும் ஸ்பான்ஜும். 1838-ல் லண்டன் பிரைஸ் ரிங் விதிகள் வந்தபோதுதான், ஓய்வு முடிந்ததும் வீரன் எட்டு விநாடிக்குள் யார் துணையும் இல்லாமல் தானே கோட்டுக்கு நடந்து வர வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் நினைவே இல்லாதவனைக்கூட செகண்டுகள் இருபுறமும் தாங்கிக்கொண்டு வந்து கோட்டில் நிறுத்திவிடுவார்கள். பந்தயப் பணம் அவ்வளவு. அதாவது நிறுத்தும் அதிகாரமும் செகண்டிடம், பிணமாகும்வரை ஓட்டும் அதிகாரமும் செகண்டிடம். எனக்கு இந்த விஷயத்தில் பிடிபடுகிற சங்கடமே இதுதான்.

இந்தச் சண்டைகளிலிருந்துதான் சொல்வழக்கு பிறந்தது. ஆனால் முதலில் பறந்தது துண்டு இல்லை, ஸ்பான்ஜ். முகத்தின் ரத்தத்தைத் துடைக்கும் ஸ்பான்ஜை செகண்ட் மேலே தூக்கி எறிந்தால், இனி இது தேவைப்படாது, எங்கள் ஆளுக்குப் போதும் என்று அர்த்தம். சுற்றிலும் கூச்சல் போடும் கூட்டத்தில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? வானத்தில் ஒரு பொருள் எழும்பினால் கடைசி வரிசைக்கும் தெரியும். 1860-ல் லண்டனில் வந்த ஜான் கேம்டன் ஹாட்டனின் கொச்சைச்சொல் அகராதியில் 'ஸ்பான்ஜை மேலே எறிவது' என்பதற்குப் பணிந்துபோவது, போராட்டத்தை விடுவது என்று பொருள் போட்டு, குத்துச்சண்டை வழக்கத்தையும் விளக்கியிருக்கிறார்கள். அப்போதே அது ரிங்கைத் தாண்டித் தெருப்பேச்சுக்கு வந்துவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது.

1867-ல் குவீன்ஸ்பெரி விதிகள் வெளியாயின. எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ், பெயர் மட்டும் குவீன்ஸ்பெரி பிரபுவுடையது. கிளவுஸ், மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, பத்து விநாடி எண்ணிக்கை என்று இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவம் அதிலிருந்து வந்தது. ரவுண்டு நடக்கும்போது செகண்டோ வேறு யாருமோ ரிங்குக்குள் இருக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. ஆள் உள்ளே போக முடியாது என்றால் ஏதாவது ஒரு பொருள்தான் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பான்ஜின் இடத்துக்குத் துண்டு வந்தது. 1913 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரத்து நாளிதழ் ஒரு சண்டையைப் பற்றி எழுதும்போது, தோல்விக்கு அடையாளமாக பர்ன்ஸின் மூலையிலிருந்து ஒரு துண்டு வீசப்பட்டது என்று எழுதியது. சொல்வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி காட்டும் சான்று அது. (நம் ஊரில் துண்டை வீசினால் பஸ்ஸில் இடம் பிடிப்பதாக அர்த்தம். அவர்கள் இடத்தைக் காலி செய்ய வீசியிருக்கிறார்கள்.)

அதன்பின் பெரிய சண்டைகளில் துண்டு வந்துகொண்டே இருந்தது. 1919 ஜூலை 4-ல் ஒஹாயோவின் டொலீடோ நகரில் ஜாக் டெம்ப்சி, ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் சாய்த்தார். வில்லார்ட் ஆறரை அடி உயரம். மூன்று ரவுண்டு தாக்குப்பிடித்தார், நான்காவதுக்கு வரவில்லை. அவர் மூலையிலிருந்து துண்டு வந்துவிட்டது.

ஆனால் எனக்குப் பிடித்த துண்டு 1938 ஜூன் 22-ல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பறந்தது. ஜோ லூயிஸுக்கும் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்குக்கும் நடந்த இரண்டாவது சண்டை. 1936-ல் ஷ்மெலிங் பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸை வீழ்த்தியிருந்தார். நாஜி ஜெர்மனி அந்த வெற்றியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அதனால் இரண்டாவது சண்டை இரண்டு மனிதர்களுக்கு நடுவே நடந்த மாதிரியே யாரும் பார்க்கவில்லை. மைதானத்தில் 70,000 பேர் வரை, ரேடியோவில் கோடிக்கணக்கானவர்கள். லூயிஸ் வந்த வேகத்தில் ஷ்மெலிங் மூன்று முறை விழுந்தார். பயிற்சியாளர் மாக்ஸ் மாகோன் துண்டை வீசினார். நடுவர் ஆர்தர் டோனவன் என்ன செய்தார் தெரியுமா? அதை எடுத்து ரிங்குக்கு வெளியே எறிந்தார். அது கயிற்றில் சிக்கித் தொங்கியது. நியூயார்க் விதிப்படி துண்டு செல்லாது. சண்டையை நிறுத்தும் உரிமை நடுவருக்கு மட்டுமே. துண்டை எறிந்த கையோடு ஷ்மெலிங்கைப் பார்த்தார், அவரே நிறுத்தினார். 2 நிமிடம் 4 விநாடி. கணக்குப் புத்தகத்தில் அது நாக்அவுட். துண்டுக்கு அங்கே இடமில்லை.

துண்டை ஏன் ஏற்க மாட்டேன் என்கிறார்கள் என்பது முதலில் எனக்கும் விளங்கவில்லை. அப்புறம் யோசித்தால் நியாயம் இருக்கிறது. பந்தயம் கட்டிய எவனாவது பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு துண்டை எறிந்தால்? துண்டில் பெயரா எழுதியிருக்கிறது? அதனால் தொழில்முறைச் சண்டைகளில் பல இடங்களில் துண்டை வைத்து மட்டும் எதுவும் முடிவாகாது. கார்னரில் இருப்பவர் ரிங்கின் ஓரத்தில் ஏறி நின்றோ, அருகில் இருக்கும் அதிகாரியிடம் சொல்லியோ தெரிவிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இதனால் வந்த வேடிக்கை ஒன்று 2010 ஜூன் 5-ல் நடந்தது. பழைய யாங்கி ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே கட்டிய புதிய யாங்கி ஸ்டேடியத்தில். மிகேல் கோட்டோவோடு மோதிய யூரி ஃபோர்மனுக்கு ஏழாவது ரவுண்டில் முழங்கால் மடங்கியது. எட்டாவதில் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரிதான் நின்றார். அவர் மூலையிலிருந்து துண்டு பறந்து வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து ரிங்குக்குள் கூட்டமே ஏறிவிட்டது, இரண்டு வீரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடுவர் ஆர்தர் மெர்கான்டே ஜூனியர் ஏற்கவில்லை. ஃபோர்மனிடம் கேட்டார், அவர் தொடர்கிறேன் என்றார். உள்ளே வந்த எல்லோரையும் இறக்கி அனுப்பிவிட்டு மறுபடி சண்டையை ஆரம்பித்தார். ஒன்பதாவதில் விலாவில் ஒரு இடது குத்து, ஃபோர்மன் விழுந்தார், கதை முடிந்தது. யாங்கி ஸ்டேடியமும் ஆர்தர் என்ற பெயரும் துண்டுக்கு ராசியில்லை.

அந்த நடுவரைப் பாராட்டியவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. முழங்கால் போன பையனிடம் போய் 'தொடர்கிறாயா' என்று கேட்டால் எவன் 'வேண்டாம்' என்பான்? பத்தாயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், எதிரே இருப்பவன் பார்க்கிறான், வீட்டில் டிவியில் பார்க்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதனால்தான் கேள்வியே அவனிடம் போகக் கூடாது என்று வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், தலையில் அடி விழுந்தவனுக்குத் தன் நிலைமை தெரியாது. அடிபட்டுப்போயிருப்பது நிலைமையைக் கணிக்கிற அதே மூளைதான். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக் கூ பதினான்காவது ரவுண்டுக்கு மணி அடித்ததும் எழுந்து நடந்துதான் வந்தார். அந்த ரவுண்டில் விழுந்தவர் எழுந்தும் நின்றார், நடுவர்தான் நிறுத்தினார். பிறகு கோமா, சில நாட்களில் மரணம். மூளையில் ரத்தக் கசிவு. அடுத்த வருடம் உலக குத்துச்சண்டை கவுன்சில் 15 ரவுண்டை 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

இப்படிப்பட்ட சாவுகளைக் கண்ணால் பார்த்தவர் எடி ஃபட்ச். டெட்ராய்ட்டில் இளைஞராக இருந்தபோது ஜோ லூயிஸோடு ஒரே கூடத்தில் பயிற்சி எடுத்தவர். இதயத்தில் கோளாறு இருப்பது தெரியவந்ததால் தொழில்முறையில் இறங்க முடியாமல் பயிற்சியாளரானார். 1975 அக்டோபர் 1, பிலிப்பைன்ஸ். முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாவது முறையாக மோதுகிறார்கள். ஃபிரேசியரின் மூலையில் ஃபட்ச். அமெரிக்க டிவி நேரத்துக்காகக் காலையிலேயே ஆரம்பித்த சண்டை. உள்ளே கூட்டமும் விளக்குகளும் சேர்ந்து உலைமாதிரி வெப்பம். பதினான்கு ரவுண்டு முடிந்தபோது ஃபிரேசியரின் வலது கண் வீங்கி மூடிவிட்டது. இடது கண்ணில் ஏற்கெனவே புரை. அதை அவர் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். அலி அடிக்கிற வலது குத்து அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

இன்னும் மூன்றே நிமிடம். ஒரே ஒரு ரவுண்டு. அலியும் அந்தப் பக்கம் ஸ்டூலில் கிட்டத்தட்ட முடிந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தார். ஃபட்ச் நிறுத்தப் போகிறேன் என்றார். ஃபிரேசியர் வேண்டாம், அவன் எனக்கு வேண்டும் என்று எழப் பார்த்தார். உட்கார் மகனே, எல்லாம் முடிந்தது, இன்றைக்கு நீ செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்று ஃபட்ச் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நடுவர் கார்லோஸ் பதீயாவிடம் சொன்னார். துண்டு எதுவும் பறக்கவில்லை. ஆனால் உலகத்தில் வீசப்பட்ட எல்லாத் துண்டுகளிலும் பெரியது அதுதான் என்பேன். ஃபிரேசியர் பதினைந்தாவதுக்குப் போயிருந்தால் அலி எழுந்திருப்பாரா என்று இன்றுவரை மக்கள் சண்டை போடுகிறார்கள். ஃபட்சுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. புள்ளிகளில் அலி முன்னால் இருந்தார், ஃபிரேசியருக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

எனக்கும் துண்டு விழுந்திருக்கிறது. பத்தொன்பது வயது, லைட் வெயிட். எங்கள் வாத்தியார் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக வட சென்னை பிரிந்து நின்று குத்துச்சண்டை பார்த்த காலத்தில் வளர்ந்தவர். அவரிடம் பயின்றவனுக்கு விழுவதே அவமானம், மூலையிலிருந்து துண்டு வருவதென்றால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது ரவுண்டில் காதோரம் ஒரு ஹூக், அதாவது பக்கவாட்டுக் குத்து, வாங்கினேன். நின்றுகொண்டுதான் இருந்தேன், சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. திடீரென்று காலடியில் நீலக்கரை போட்ட ஒரு துண்டு கிடந்தது. யாருடையது என்று குனிந்து பார்த்தேனாம், பிறகு நண்பன் சொன்னான். வெளியே வந்து வாத்தியாரிடம் கத்தினேன், நல்லாதானே இருந்தேன் என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "திங்கட்கிழமை இன்டர்வியூ இருக்குன்னியே, அதுக்கு மூஞ்சி வேணாமா?" என்றார். அந்த இன்டர்வியூவில் கிடைத்த வேலைதான் மேலே சொன்ன இன்சூரன்ஸ். அவரை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது என்பதும் உண்மை.

ஒலிம்பிக் வகை அமெச்சூர் சண்டைகளில் துண்டுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. பையன் கஷ்டப்படுகிறான் என்று தோன்றினால் செகண்ட் துண்டைப் போட்டுச் சண்டையிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது போடக் கூடாது. எண்ண ஆரம்பித்துவிட்டால் அந்த விநாடிகள் நடுவருடையவை. அவர் எட்டு வரை எண்ணி, பையனின் கண்ணைப் பார்த்து, 'பாக்ஸ்' என்று சொன்ன பிறகுதான் நமக்கு மறுபடி உரிமை வரும். எட்டு விநாடி என்பது எவ்வளவு நீளம் என்பது துண்டைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் தெரியும்.

நிறுத்துவது மட்டும்தான் செகண்டின் வேலை என்று நான் சொல்லவரவில்லை. அலியின் பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீயைப் பாருங்கள். 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். அப்போது கேஷியஸ் கிளே என்று பெயர் கொண்டிருந்த அலி, சோனி லிஸ்டனோடு மோதுகிறார். நான்காவது ரவுண்டு முடிந்து வரும்போது கண் எரிகிறது, எதுவும் தெரியவில்லை, கிளவுஸை வெட்டி எடுங்கள் என்று கத்துகிறார். லிஸ்டன் உடம்பில் இருந்த ஏதோ மருந்து பட்டிருக்க வேண்டும். டண்டீ ஸ்பான்ஜால் கண்ணைக் கழுவி, ஓடு, சுற்றிச் சுற்றி ஓடு என்று எழுப்பித் தள்ளிவிட்டார். அந்த ரவுண்டை ஓடியே கடத்தினார் கிளே, கண் தெளிந்தது. ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலைவிட்டு எழவில்லை. ஸ்பான்ஜ் மேலே பறந்திருந்தால் முகமது அலி என்ற கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அதே டண்டீ, 1980 அக்டோபர் 2-ல் லாஸ் வேகாஸில் அதே அலியின் மூலையில். அலிக்கு வயது 38. எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக இருந்தவர். பத்து ரவுண்டில் அலி ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. ஹோம்ஸே அடிக்க மனமில்லாமல் அடித்தார். டண்டீ நிறுத்தச் சொன்னார். அலியின் நெடுநாள் உதவியாளர் புன்டினி பிரவுன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இன்னும் ஒரு ரவுண்டு என்று கெஞ்சினார். டண்டீ கையை உதறிவிட்டு, நான்தான் இங்கே தலைமை செகண்ட், நான் நிறுத்துகிறேன் என்றார். பதினாறு வருட இடைவெளியில் ஒரே ஆள், ஒரே வீரன், இரண்டு நேர்மாறான முடிவுகள். இரண்டும் சரி. இதை எந்தப் புத்தகம் கற்றுக்கொடுக்கும்?

அதே 1980 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ரோபர்ட்டோ டுரான், சுகர் ரே லியோனார்டோடு மோதும்போது எட்டாவது ரவுண்டில் திரும்பி நின்று கையை அசைத்துவிட்டார். 'நோ மாஸ்', இனி வேண்டாம் என்று சொன்னதாக உலகமே பேசியது, அவர் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னாளில் மறுத்தார். நம் மேலாளர் அர்த்தத்தில் 'டவலை வீசியவர்' என்று ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால் அவரைத்தான் காட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அங்கே டவலே கிடையாது.

இனி எங்கள் கூடத்தில் தீராத சண்டைக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி 22, லாஸ் வேகாஸ். டைசன் ஃபியூரியிடம் டியோன்டே வைல்டர் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். காதில் ரத்தம், கால்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஏழாவது ரவுண்டில் துணைப் பயிற்சியாளர் மார்க் பிரீலன்ட் துண்டைப் போட்டார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய வீரர் அவர், அடி வாங்குவது என்றால் என்னவென்று தெரிந்தவர். வைல்டருக்கு ஆத்திரம். கேடயத்தின்மேல் கிடத்தித் தூக்கிப் போகும்வரை சண்டை போட விரும்பியவன் நான் என்றார். பிரீலன்டை வேலையைவிட்டே அனுப்பினார்.

என்னோடு கார்னரில் நிற்கும் நண்பர் ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைவிட நன்றாகச் சண்டை பார்க்கத் தெரிந்தவர். அவர் வைல்டர் கட்சி. "ஒரே குத்துல ஆளைத் தூக்குறவன்பா அவன். அவனுக்கு எப்பவும் ஒரு குத்து பாக்கி இருக்கு. அதை எப்படி நீ எடுத்துக்கலாம்?" என்பார். நான் பிரீலன்ட் கட்சி. வேலை போகும் என்று தெரிந்தும் போட்டார் பாருங்கள், அதுதான் செகண்ட் என்பேன்.

2021 அக்டோபர் 9-ல் இருவரும் மறுபடி மோதினார்கள். வைல்டருக்குப் புதிய பயிற்சியாளர். மூன்றாவது ரவுண்டில் வைல்டர் விழுந்து எழுந்தார், தள்ளாடினார். அடுத்த ரவுண்டில் யாரும் எதிர்பார்க்காமல் ஃபியூரியை இரண்டு முறை தரையில் சாய்த்தார். பத்தாவதில் வைல்டர் மறுபடி விழுந்தார். பதினொன்றாவதில் விழுந்தபோது நடுவர் எண்ணக்கூட இல்லை, நிறுத்திவிட்டார். துண்டு வரவே இல்லை.

அந்தச் சண்டையைப் போனில் மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார், நீயாக இருந்தால் எந்த ரவுண்டில் போட்டிருப்பாய் என்று. பத்தாவது என்றேன். அவர் சிரித்தார். "பொய் சொல்லாதே. உன்னை எனக்குத் தெரியாதா? மூணாவதுலயே போட்டிருப்பே. நாலாவது ரவுண்டே நடந்திருக்காது."

பதில் சொல்வதற்குள் பையன்கள் ஸ்கிப்பிங் முடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.